முட்டைக் காசும் வெண்ணெய்க் காசும்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

என் மகளோட பாடப் புத்தகத்தில் அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளியைப் பற்றி நாலு வரி இருந்தது. நம்ம மானாவாரி மாதிரியே மழை குறைஞ்ச பூமி. அங்கே முதல்ல குடியேறினவங்க எப்படிப் பிழைச்சாங்கன்னு நூலகத்தில் தேடிப் படிச்சேன்.

1862-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 160 ஏக்கர் அரசு நிலத்தில் 5 வருஷம் குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்தால் நிலம் சொந்தம். கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அது ஆளில்லாத நிலம் ஒண்ணும் இல்லை. பானி, செயென் என்று பழங்குடி மக்கள் வாழ்ந்த இடம். அவங்களை ஒதுக்கிவிட்டுத்தான் இவங்களுக்குக் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரலை.

போய்ப் பார்த்தால் வீடு கட்ட மரம் இல்லை. புல்லை வேரோடு, செங்கல் மாதிரி பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் வைத்தார்கள். கோடையில் குளுமை, பனியில் கதகதப்பு. ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், பாம்பும் எலியும் மேலேயிருந்து விழும். பொம்பளைங்க கூரைக்குக் கீழே துணியைக் கட்டிவிட்டு, அதுக்கடியில் சமைத்தார்கள். அடுப்புக்கு விறகு ஏது? காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்ததைப் பொறுக்கி எரித்தார்கள். முதலில் கையால் தொடவே கூசினார்களாம். நமக்கு வரட்டி தட்டுவது பழக்கம், அவங்களுக்கு அது புதுசு. தண்ணீர் ரொம்ப ஆழத்தில் இருந்ததால் காற்றாடி வைத்து இறைத்தார்கள்.

1874-ல் வெட்டுக்கிளி வந்தது. பயிர் போச்சு. காய்கறிப் பாத்தியையாவது காப்பாத்தலாம்னு போர்வையைப் போர்த்தினால், போர்வையையும் தின்னுச்சாம். அதே வருஷம் ரஷ்யாவிலிருந்து கன்சாஸுக்கு வந்த மென்னோனைட் குடும்பங்கள் ஒரு சிவப்புக் கோதுமை விதை கொண்டுவந்தார்கள். பனிக்காலத்துக்கு முன்னே விதைத்து, கோடை முற்றுவதற்குள் அறுக்கிற ரகம். அந்தப் பூமிக்கு அது பிடித்துக்கொண்டது.

நான் இவ்வளவு தேடினதுக்குப் பலன் இனிமேல் சொல்றதுதான். பயிர் பொய்த்த வருஷங்களில் அடுப்பு எரிந்தது எதில் தெரியுமா? வீட்டுப் பொம்பளை கோழி வளர்த்து, மோர் கடைந்து, முட்டையையும் வெண்ணெயையும் கடையில் கொடுத்து சர்க்கரையும் துணியும் வாங்கினாள். முட்டைக் காசு, வெண்ணெய்க் காசு என்றே அதுக்குப் பேர்.

அந்தச் சட்டத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணும் விதவையும் தன் பேரிலேயே நிலம் கேட்கலாம். நிறையப் பேர் வாங்கவும் செய்தார்கள். புருஷன் உள்ளவளுக்குப் பொதுவாக அது கிடையாது, நிலம் அவர் பேரில். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர்கள் புருஷன் பேருக்கு எதிரே விவசாயி என்று எழுதினார்கள். அவளுக்கு எதிரே? வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்.

படிச்சதும் புத்தகத்தை மூடி வச்சுட்டேன். போன வருஷம் எங்க கடலை காய்ஞ்சு போச்சு. குழுக் கடனில் வாங்கின ரெண்டு கறவை மாட்டோட பால் காசில்தான் பள்ளிக்கூடச் செலவும் மளிகையும் ஓடிச்சு. அதே மாசம் ஒரு படிவம் நிரப்பப் போனேன். எழுதினவர் என்னைக் கேட்கவே இல்லை. தொழில் என்கிற இடத்தில் 'இல்லை'ன்னு எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். நானும் போட்டுட்டு வந்துட்டேன். அது இன்னைக்கும் உறுத்துது.

போன வாரம் குழுவுக்குப் புதுப் படிவம் வந்தது. நானே பேனாவை வாங்கி, 'விவசாயம், கறவை மாடு' என்று எழுதினேன். எங்க குழுவில் மத்த பதினோரு பேரும் என்கிட்ட வாங்கிப் பார்த்துட்டு அவங்கவங்க தொழிலை எழுதினாங்க. ஒரு அக்காவுக்கு இடம் பத்தாமல் ஓரத்தில் எழுத வேண்டியதாப் போச்சு.