வடகரையா? தென்கரையா?

(சீவலப்பேரிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பொருநையும் சிற்றாறும் கைகோக்கும் ஊரிலே நின்று பேசுகிறேன். இந்த ஊரைப் பாடிய முக்கூடற்பள்ளு தமிழகம் அறிந்த நூல். மூத்த பள்ளி வடகரை நாட்டின் வளம் பேசுவாள். இளைய பள்ளி தென்கரை நாட்டின் சிறப்பைச் செப்புவாள். சக்களத்திச் சண்டை சாமிச் சண்டையாக மூளும். கரை இரண்டு, கணவன் ஒருவன், ஏச்சோ ஏராளம்! முடிவிலே இருவரும் இணங்கிப் போவார்கள்.

அந்த வழக்கு இன்று நாடளவுக்கு நீண்டிருக்கிறது. மராட்டியம் வடகரையா, தென்கரையா என்பதே வழக்கு. 2025 ஏப்ரலில், முதல் வகுப்பிலிருந்தே இந்தியைக் கட்டாய மூன்றாம் மொழியாக்க அந்த மாநில அரசு ஆணையிட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூன் 29-ஆம் நாள் அரசு பின்வாங்கியது. அன்று முதல் நம் தோழர்கள் கேட்கிறார்கள்: மராட்டியன் நம்மவனா, வடவனா?

வடக்குக்காக வாதாடுவோர் சொல்லும் சான்று வலுவானது. மராத்தி வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது; எழுத்தும் இந்திக்கு உள்ள தேவநாகரியே. மறுக்கவில்லை. ஆனால் அந்த மொழியின் வாயைத் திறந்து பாருங்கள்! கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல நாம் என்கிறோம். அவரை விலக்கிச் சொல்ல நாங்கள் என்கிறோம். இந்திக்கு இந்த வேறுபாடு இல்லை, மராத்திக்கு இருக்கிறது. நம் அத்தையை அவர்கள் ஆத்யா என்கிறார்கள். மாமன் மகளை மணக்கும் வழக்கம் கங்கைச் சமவெளியின் உயர்சாதியாருக்குத் தகாத உறவு. மராட்டியத்தின் பல சமூகங்களுக்கோ அதுவே உரிமை. ஐராவதி கார்வே என்னும் மராட்டியத்து அறிஞர், 1953-இல் வெளிவந்த தம் உறவுமுறை ஆராய்ச்சி நூலில், தம் நாட்டை வடக்கிலும் வைக்கவில்லை, தெற்கிலும் வைக்கவில்லை. இரண்டும் கலக்கும் நடு மண்டலத்தில் வைத்தார்.

இன்னும் பழைய சான்று வேண்டுமா? பைதானைத் தலைநகராகக் கொண்ட சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பாகதம். மறு பக்கம் தென்னாட்டு மொழி, தமிழே என்று பல அறிஞர்கள் படித்த மொழி. ஒரே காசுக்கு இரண்டு முகம்! தலை மட்டும் போதும், பூ வேண்டாம் என்று காசை அறுத்துக் கொடுத்தால் கடைக்காரர் வாங்குவாரா? வைதிகரே வகுத்த பழைய பட்டியலில்கூட, விந்தியத்துக்குத் தெற்கே உள்ள பஞ்ச திராவிடருள் மராட்டியரும் இருக்கிறார்கள்!

தோழர்களே! இவையெல்லாம் உறவுக்குச் சான்று. தோழமைக்குச் சான்று வேறு. 1873-இல் புனேயிலே சத்திய சோதக் சமாஜத்தை நிறுவினார் ஜோதிராவ் புலே. 1902-இல் கோலாப்பூர் மன்னர் சாகு, அரசுப் பணிகளில் பாதியைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கினார். சென்னையிலே நீதிக் கட்சியின் வகுப்புரிமை ஆணை பிறந்தது 1921-இல். நாம் நடந்த பாதையில் நமக்கு முன்னே நடந்தவர்களை எந்தத் திசைக்காரர் என்று கேட்பது? நட்டது யார், பயன் பெற்றது யார் என்று கேட்பதல்லவா முறை!

அப்படியானால் மராட்டியர் நம்மவரே என்று முடித்துக் கைதட்டிக் கலைந்து போகலாமா? கூடாது. தாராவியைக் கேளுங்கள்! தோல் பதனிடும் தொழிலைத் தேடி, கூலி வேலையைத் தேடி, இந்த நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் உருவாக்கிய வாழ்வு அங்கே இருக்கிறது. 1966-இல் சிவசேனை தோன்றியது. தென்னாட்டார் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்று முழங்கியது. தென்னாட்டார் உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. புலே பிறந்த மண்ணில், மாமன் மகளை மணக்கும் மண்ணில், நாம் என்ற சொல் இருந்த மண்ணில், நம் ஏழைகள் நாங்கள், நீங்கள் என்று பிரிக்கப்பட்டார்கள். பண்பாட்டு உறவு அன்று அவர்களுக்குக் குடை பிடிக்கவில்லை. 2025-இலும், இந்தி ஆணை விழுந்த அதே நாட்களில், மும்பையின் புறநகரில் மராத்தி பேசாத கடைக்காரர் ஒருவர் கன்னத்தில் அறையப்பட்டார்.

ஆணையை எதிர்த்தது மொழிப்பற்று. கடைக்காரரை அறைந்தது மொழியின் பெயரால் நடந்த அடாவடி. ஒன்று அரியணையைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. மற்றது அன்றாடங்காய்ச்சியைப் பார்த்துக் கை ஓங்குகிறது. வடகரையும் தென்கரையும் பிரியும் இடம் அதுதான். விந்திய மலையிலே அதைத் தேடாதீர்கள்!

இதை மராட்டியருக்கு மட்டும் சொல்லவில்லை. 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர் தந்தது, திணிக்கும் ஆட்சியை எதிர்த்து. பீகாரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவனை விரட்டுவதற்காக அல்ல. 2023-இல், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகளைப் பரப்பினார்கள். பொய் என்று மெய்ப்பித்தோம். அந்தப் பொய் ஒருநாளும் மெய்யாகிவிடக் கூடாது. நம்மிலே சிலர் ‘வடக்கன்’ என்று எள்ளி நகையாடுகிறார்களே, அந்தச் சொல்லை மும்பையில் நின்று கேட்டுப் பாருங்கள். அங்கே அது ‘மதராசி’ என்று ஒலிக்கும். அடிபடுகிறவன் நம் பங்காளியாக இருப்பான்.

ஆகவே தோழர்களே, மராட்டியம் எந்தக் கரை என்று கேட்போருக்குச் சொல்லுங்கள்: அது கூடுதுறை, இரண்டு நீரும் அங்கே ஓடுகின்றன. திணிப்பை எதிர்த்து அங்கே எழும் குரலோடு நம் குரலையும் சேர்ப்போம். எளியவன்மீது அங்கே கை ஓங்கினால், அது தவறென்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுவோம். அதைச் சொல்லும் தகுதி நமக்கு வேண்டுமானால், நம் ஊருக்குக் கல் சுமக்க வந்தவனிடம் அன்போடு நாலு தமிழ்ச் சொல் பேசுங்கள்; அவன் கூலியில் ஒரு காசு குறைந்தாலும் அவனுக்காகக் கேளுங்கள்.

2023 டிசம்பரில் பொருநை பெருக்கெடுத்தபோது வடகரை, தென்கரை என்று வெள்ளம் பார்த்துப் புகவில்லை. படகு கொண்டு போனவர்களும் பார்க்கவில்லை.