குளிர்நாட்டுக் குளியலறைச் சுவர்

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆண்டின் சராசரி வெப்பநிலை அங்கு 16 பாகை செல்சியசு அளவினதே. தை, மாசி மாதங்களின் விடியற்பொழுதிற் புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. கிணற்றடியில் வெயில் காய்ந்து குளித்துப் பழகிய நம்மவர் உத்தியோகத்தின் பொருட்டு அங்கு குடியேறும்போது, குளியலறைச் சுவர் ஒரு புதிய தொல்லையாகிவிடுகின்றது. அச்சுவருக்கு எதனைப் பூசலாம், எதனைப் பதிக்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் என் அநுபவத்தைக் கூறுகின்றேன். நான் அந்நகரிற் பணியாற்றியபோது, குடியிருந்த பழைய வீட்டின் குளியலறைச் சுவரிற் கரும்புள்ளிகள் படர்ந்திருந்தன. அவற்றை மறைக்கக் கருதி எண்ணெய் வர்ணம் பூசுவித்தேன். சேமித்த பணம் அதிற் கரைந்தது. மூன்றாம் மாதம் வர்ணம் கொப்புளித்து உரிந்தது. அதன்கீழே பூஞ்சணம் முன்னிலும் செழித்திருந்தது. தொய்வு நோயுள்ள என் இளைய மகள் இரவெல்லாம் இருமினாள். நோயை மறைப்பது நோயை மாற்றுவதாகாது என்பதை அன்று உணர்ந்தேன். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளிற் சுவாச நோய்கள் மிகுதி என்பதை உலக சுகாதார தாபனம் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியும் எடுத்துரைக்கின்றது.

சுவருக்கு ஈரம் இரு வழிகளால் வரும். ஒன்று, மழைநீரும் நிலத்தின் ஈரமும் குழாய்க் கசிவும் சுவருக்குள் ஊறுதல். மற்றது, சுடுநீரின் ஆவி குளிர்ந்த சுவரிற் படிதல். 30 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையிலோ 13 கிராம் மட்டுமே தாங்கும். எஞ்சியது சுவரில் வியர்வையாக வடிகின்றது.

இவற்றுள் எது உங்கள் வீட்டுக் குறை? உலர்ந்த ஒரு நாளிற் சாண் அளவான பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் நன்கு ஒட்டிவிடுங்கள். மறுநாட் பாருங்கள். துண்டின் பின்புறம் நனைந்திருப்பின் ஈரம் சுவருக்குள் உள்ளது. முன்புறம் நனைந்திருப்பின் அது அறையின் ஆவி. முன்னதற்குக் கூரைப் பீலியையும் குழாயையும் திருத்துங்கள். பின்னதற்கு யன்னலைத் திறவுங்கள். அன்றேல் காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒன்றைப் பொருத்துங்கள்.

அதன் பின்னரே தெரிவு. நீர் நேரே தெறிக்கும் பக்கத்தில், தலைக்கு மேல் வரை, மெருகிட்ட பீங்கான் ஓடுகளே சிறந்தவை. ஆயினும் ஓட்டின் இடைவெளிகளை நீர்புகாச் சாந்தால் அடைக்க வேண்டும். இல்லையேல் நீர் பின்னாற் புகுந்து ஓட்டைக் கழற்றிவிடும். ஏனைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு போதும். அது சுவரின் ஈரத்தை வெளியே உலரவிடும், அதன் காரத்தன்மை பூஞ்சணத்தைத் தடுக்கும், செலவும் சிறிது. ஆனால் பழைய எண்ணெய் வர்ணத்தை முற்றாகச் சுரண்டிய பின்னரே பூசுதல் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தலும் நன்று. சுவரில் ஒட்டும் பூவேலைத் தாள் கண்ணுக்கு இனியதே. எனினும் தாளும் பசையும் பூஞ்சணத்துக்கு உணவாகும். பலகை அடித்தால், அதன் பின்னே வளர்வது நம் கண்ணுக்குப் படாது.

நானும் இறுதியில் வர்ணத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பே பூசினேன். அடைத்துக் கிடந்த யன்னலையும் திறந்தேன். சுவர் அழகாயிற்று என்று சொல்லமாட்டேன்; மகளின் இருமல் தணிந்தது. சுவருக்குச் செலவிடுமுன் அதன் ஈரம் எங்கிருந்து வருகின்றதென ஒருநாள் பொறுத்துப் பாருங்கள்.