யாருக்குச் சாமி இருமல்?

(தலைப்பு: மனநிறைவோடு பொருள் வாங்குவது பெரிய அங்காடியிலா, தெருக்கடையிலா? 'தெருக்கடையிலே' என்ற அணியில் பேசியது. இடம்: பெருந்துறை)

வாதங்களைக்கூட ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாரி வழங்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "பெரிய கடைக்குப் போனால் குளுகுளு என்று இருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறோம். வேண்டியதை எடுக்கிறோம். யாரும் எதுவும் கேட்பதில்லை" என்றார். உண்மைதானுங்க. நானும் போயிருக்கிறேன். வீட்டுக்காரம்மா கடுகு நூறு கிராம் வாங்கிவரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். கையிலே ரெண்டு பிளாஸ்டிக் வாளி, நாலு சோப்பு, ஒரு தலையணை உறை. அந்தம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை கேட்டார்கள்: "கடுகு?" (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். ஆனால் தம்பி சொன்னதிலே ஒரு சொல்லை நான் விடமாட்டேன். "யாரும் எதுவும் கேட்பதில்லை." அது வசதி என்கிறார் அவர். அங்கேதான் நமக்கு வழக்கு.

1983ஆம் வருஷம். நான் ஏழாம் வகுப்பு. ஈரோடு மாவட்டத்துக்கு அப்போது பெரியார் மாவட்டம் என்று பெயர். எங்கள் ஊரிலிருந்து பெருந்துறைக்கு சைக்கிளிலே அரைமணி நேரம். அம்மாவுக்கு இருமல். ராத்திரியெல்லாம் இருமல். பக்கத்து வீட்டு அப்பத்தா, "சித்தரத்தை, அதிமதுரம், அரிசித்திப்பிலி வாங்கி இடிச்சுத் தேன்ல குடு, பட்டுனு நிக்கும்" என்றார். அப்பா ரெண்டு ரூபாய் கொடுத்து என்னை நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பினார்.

எட்டடிக்குப் பத்தடி கடைங்க அது. சுவர் பூராவும் மர இழுப்பறை. உள்ளே போனால் வசம்பும் கடுக்காயும் சாம்பிராணியும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். சட்டையிலே ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். பெரியவர் கல்லாவிலே இருப்பார். "யாருக்குச் சாமி இருமல்?" என்றார். அம்மாவுக்குங்க என்றேன். மூன்று நாளைக்குக் கட்டிக்கொடுத்தார். பத்து நாள் கழித்துப் போனேன். மறுபடியும் கொடுத்தார். மூன்றாம் தடவை போனபோது தராசிலே சரக்கு ஏறிவிட்டது. நிறுத்திக்கொண்டே கேட்கிறார்:

"சாயங்காலமானா மேலு சுடுதா?"

"ஆமாங்க."

"ஆளு எளைச்சுட்டாங்களா?"

"ஆமாங்க."

"சளியில ரத்தம் கண்டுச்சா?"

"நேத்துங்க."

தராசைக் கீழே வைத்தார். நிறுத்த சரக்கை எடுத்துத் திரும்ப இழுப்பறையிலேயே கொட்டினார். ரெண்டு ரூபாயை என் கையிலே வைத்து, "இது நம்ம கடைச் சரக்குக்கு அடங்காது சாமி. உங்கப்பனை வரச்சொல்லு" என்றார்.

அப்பா போனார். "நாளைக்கே சானடோரியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் பெரியவர். பெருந்துறை சானடோரியம் என்றால் இங்கே மூத்தவர்களுக்குத் தெரியும். காசநோய் ஆஸ்பத்திரி. அந்தக் காலத்திலே ஒரு வீட்டிலிருந்து சானடோரியத்துக்கு ஆள் போனது தெரிந்தால் அந்த வீட்டிலே யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மருந்து கேட்டா மருந்து குடுங்க, புத்தி சொல்லாதீங்க" என்று கத்திவிட்டு வந்துவிட்டார். மறுநாள் விடியற்காலையிலே எங்கள் வாசலில் பெரியவர் நிற்கிறார். கடையைத் திறக்காமல் வந்திருக்கிறார். "நானுங் கூட வர்றேன், வாங்க."

மாதக்கணக்கிலே ஊசியும் மாத்திரையும். அம்மா பிழைத்தார்கள். எழுபத்தெட்டு வயது வரை இருந்தார்கள். (நீண்ட கைதட்டல்)

தம்பி, வேண்டியதை எடுத்து வண்டியிலே போட்டுக்கொண்டு, யாரும் எதுவும் கேட்காத கடையிலே அன்றைக்கு நான் வாங்கியிருந்தால்? மூன்றாம் பொட்டலம் வந்திருக்கும். நாலாம் பொட்டலமும் வந்திருக்கும்.

தமிழ் வாத்தியார் என்பதால் ஒன்று சொல்கிறேன். வள்ளுவர் வாணிகம் செய்வாரைப் பற்றி ஒரு குறள் பாடினார். அதை எந்த அதிகாரத்திலே வைத்தார்? பொருள் செயல்வகையிலே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நடுவு நிலைமையிலே கொண்டுபோய் வைத்தார். நீதிபதி உட்கார வேண்டிய இடத்திலே கடைக்காரரை உட்கார வைத்திருக்கிறார், நடுவர் அவர்களே! உங்கள் நாற்காலிதான் அது. (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தங்கை ஒருவர் கேட்டார்: "ஐயா, சின்னக் கடையிலே என்னை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். 'எந்தத் தெரு?' என்று கேட்டார்கள். பெரிய கடையிலே நான் என் கையால் எடுக்கிறேன். யாரும் கேட்பதில்லை" என்றார். அந்தத் தங்கை பேசும்போது நான் கைதட்டினேன், பார்த்திருப்பீர்கள். என் அணித் தலைவர்கூட முறைத்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "யாருக்கு இருமல்" என்று கேட்ட அதே கடைத்தெருவிலேதான் "எந்தத் தெரு" என்றும் கேட்டார்கள். அதை மறைத்துவிட்டு நான் இங்கே ஜெயிக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி ஒழிய வேண்டும். ஆனால் அதை ஒழிக்கிறேன் என்று முதல் கேள்வியையும் சேர்த்துக் குப்பையிலே போட வேண்டுமா? அவ்வளவுதான் என் வழக்கு.

ஒரே ஒரு சரக்கை வைத்துக் கடை நடத்துகிறவருக்கு அந்தச் சரக்கின் வயிறும் தெரியும், விஷமும் தெரியும். சேராங்கொட்டை கேளுங்கள், சுத்தி செய்யத் தெரியுமா என்று கேட்காமல் தரமாட்டார். பால் பட்டால் தோல் வெந்துபோகும். நேர்வாளம் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். ஒரு கொட்டை கூடிப்போனால் வயிற்றுப்போக்கிலே ஆளே போய்விடும். கஸ்தூரி மஞ்சள் என்று பளபளப்பான பாக்கெட்டிலே வாங்குகிறீர்களே, அது கஸ்தூரி மஞ்சள்தானா? பல இடத்திலே பூலாங்கிழங்கு அந்தப் பெயரிலே வந்து உட்கார்ந்திருக்கும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019லே புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். நமக்கே மஞ்சள் அடையாளம் தெரியவில்லை. முகர்ந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

பவானி ஜமக்காளமும் இதே கதைதான். 1985ஆம் வருஷச் சட்டத்திலே கைத்தறிக்கென்று ஒதுக்கின பொருள் அது. புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியிலே ஓட்டியது அதே பெயரிலே விற்கிறது. புரட்டிப் பார்த்து "இது தறி, இது மிஷின்" என்று சொல்லுகிறவர் பவானியிலே சின்னக் கடை வைத்திருக்கிறவர்தான். வெட் கிரைண்டர் கோயமுத்தூர் கண்டுபிடிப்பு. அதற்குக் கல்லு பக்கத்திலே இருக்கிற ஊத்துக்குளிக் கல்லு. உங்கள் வீட்டுக் கிரைண்டர் மாவு நறநற என்கிறதா? வாங்கின ஷோரூமிலே "புதுசு எடுத்துக்கோங்க சார்" என்பார்கள். சந்துக்குள்ளே இருக்கிற கடைக்காரர்தான் கல்லைக் கொத்திக் கொடுத்து, "இன்னும் பத்து வருஷம் வருமுங்க" என்பார். (கைதட்டல்)

2012லே அந்நிய முதலீடு சில்லறை வணிகத்துக்குள் வந்தபோது, சின்னக் கடையெல்லாம் போச்சு என்றார்கள். போகவில்லை. 2020லே ஊரடங்கு. கபசுரக் குடிநீருக்கு ஊரே அலைந்தது. பதினைந்து சரக்கு சேர்ந்தது அது. நம் மருந்துக் கடை வாசலிலே வரிசை நிற்கிறது. பெரியவர் காலமாகிவிட்டார், மகன் இருக்கிறார். என்ன விலை சொன்னாலும் கொடுத்திருப்போம். பழைய விலைதான் வாங்கினார். வீட்டுக்கு ஒரு பொட்டலம், அதற்கு மேல் கிடையாது. "பேராசிரியர்" என்று சொல்லி நான் ரெண்டு கேட்டேன். "சார், உங்க பின்னால எத்தனை பேரு நிக்கறாங்க, திரும்பிப் பாருங்க" என்றார். (கைதட்டல்)

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் தப்பு. போன வருஷம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். "வியாபாரம் எப்படிங்க?" என்றேன். "வர்றாங்க சார். இந்த மூலிகை எப்படி இருக்கும், எந்த நோவுக்கு எவ்வளவு, எல்லாம் கேட்டுக்கறாங்க. போட்டோ எடுத்துக்கறாங்க. அப்புறம் போன்ல ஆர்டர் போட்டுக்கறாங்க, அஞ்சு ரூபா கம்மின்னு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உடனே, "உங்களைச் சொல்லலீங்க சார்" என்றார்.

என்னைத்தாங்க சொல்ல வேண்டும். அதற்கு முந்தின மாதம், அவரிடமே அளவு கேட்டுக்கொண்டு போய், திரிபலா சூரணத்தைப் போனிலே வாங்கினவன் நான். என் அம்மாவைக் காப்பாற்றின கடை. முப்பது ரூபாய் மிச்சம் பண்ணினேன்.

அவருக்கும் அறுபது வயதாகிறது. மகள் பார்மசி படித்துவிட்டு பெங்களூரிலே வேலையில் இருக்கிறாள். "கடை?" என்றேன். "நான் இருக்கற வரைக்குமுங்க" என்றார். அந்த இழுப்பறைகளிலே பாதிக்கு மேல் பெயர்ச் சீட்டே கிடையாது. எதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நடுவர் மணியடிக்கிறார். ரெண்டாம் மணி. எங்கள் வீட்டிலே இன்றைக்குச் செலவு ரசம். அதற்குச் செலவுச் சாமான் வாங்க வேண்டும். எட்டரை மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். தீர்ப்பு என்னவென்று நாளைக்கு டி.வி.யிலே பார்த்துக்கொள்கிறேன். வரட்டுங்களா?