காவலரைப் படமெடுப்பது குற்றமா?

(இராசபாளையத்தில், திருவில்லிபுத்தூர் அன்பர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்நகரின் பஞ்சாலை ஒன்றில் இரவு வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளியைக் காவலர் தெருவில் மறித்துத் தடியால் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்கும் இளைஞர் அதைத் தம் கைப்பேசியில் படமெடுக்கிறார். "படமெடுக்க உனக்கு என்னடா உரிமை?" என்று காவலர் அவர்மேல் பாய்கிறார். அந்த வினாவுக்கு விடை சொல்லவே இங்கு வந்து நிற்கிறேன்.

பொதுவிடத்தில் அலுவல் பார்க்கும் காவலரைப் படமெடுப்பதையே குற்றமாகக் கூறும் பிரிவு எதுவும் நாட்டின் பொதுக் குற்றச் சட்டத்தில் இல்லை. தெருவில் கண்டதை ஊரார்க்கு எடுத்துக்காட்டுவது, அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமையின் பாற்பட்டதே.

அப்படியானால் எதைக் காட்டி அச்சுறுத்துகிறார்கள்? ஒன்று, வெள்ளையன் 1923இல் ஒற்றரை ஒடுக்க இயற்றிய அலுவல் கமுக்கச் சட்டம். காவல் நிலையத்துள் படமெடுத்த ஒருவர்மேல் மராட்டிய மாநிலத்தில் இச்சட்டம் பாய்ந்தது. காவல் நிலையம் அச்சட்டம் கூறும் தடைசெய்யப்பட்ட இடமன்று என்று கூறி, பம்பாய் உயர் முறைமன்றத்தின் நாகபுரிக் கிளை 2022இல் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. நிலையத்துக்குள்ளேயே பொருந்தாத சட்டம் நடுத்தெருவில் எப்படிப் பொருந்தும்?

மற்றொன்று, பணியைத் தடுத்ததாகச் சாட்டும் குற்றம். 2024 சூலை முதல் நாள் நடப்புக்கு வந்த குற்றச் சட்டங்களுக்கு நம் நாவில் நுழையாத வடமொழிப் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பெயர் விளங்காவிடினும் பிரிவு நமக்கு விளங்கவேண்டும். 221ஆம் பிரிவு, அரசு அலுவலரைப் பணிசெய்யவிடாமல் வேண்டுமென்றே தடுப்பவர்க்கு மூன்று திங்கள் வரை சிறை என்கிறது. குறுக்கே பாய்ந்தால், கையைப் பிடித்து இழுத்தால் அது தடுத்தல். எட்டி நின்று படமெடுப்பது தடுத்தல் ஆகாது. இந்த எல்லைக்கோட்டை இளைஞர்கள் மறவாதிருக்கவேண்டும். மேலும், வீட்டையோ இடத்தையோ ஆய்வு செய்யும்போதும் பொருளைக் கைப்பற்றும்போதும் காவலரே அதைப் படப்பதிவு செய்யவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அவர் கையில் கடமையாக இருக்கும் கருவி நம் கையில் மட்டும் குற்றமாகிவிடுமா?

தோழர்களே! இது வெறும் ஏட்டுச் சட்டமன்று, உயிர்ச்சிக்கல். 2025 சூன் 28ஆம் நாள், சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் கோயில் காவலாளியாகிய இளைஞர் ஒருவர் காவலர் பிடியில் மாண்டார். காவலர் அவரைத் தடியால் அடித்ததை ஒருவர் மறைவில் நின்று சில நொடிகளே படமெடுத்தார். மதுரை உயர் முறைமன்றக் கிளையின் நடுவர்கள்முன் அந்தப் படம் ஓடியது. உடற்கூறாய்வு 44 காயங்களைக் காட்டியது. காவலர் சிறைப்பட்டனர், வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. ஆனால், படமெடுத்தவரோ தமக்குக் காப்பு வேண்டுமென்று கேட்கும் நிலைக்கு ஆளானார்! உண்மையைக் காட்டியவன் அஞ்சி நடுங்குவதா?

"அரசின் படக்கருவிகள் இருக்கின்றனவே" என்பீர்கள். 2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் மாண்டபோது, அந்நிலையத்துப் படக்கருவியின் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உசாவச் சென்ற நடுவர் கண்டார். எல்லாக் காவல் நிலையங்களிலும் படக்கருவி வேண்டும், பதிவுகளைப் 18 திங்கள் காக்கவேண்டும் என்று உச்ச முறைமன்றம் அதே ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் ஆணையிட்டது. எனினும், அழிக்கும் திறவுகோல் குற்றஞ்சாட்டப்படுவோர் கையிலேயே இருக்கும்வரை, குடிமகனின் கண்ணுக்கு மாற்று இல்லை.

எனவே, எட்டி நில்லுங்கள், வாய்ச்சண்டை வேண்டா. எடுத்த படத்தை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். எடுத்த கைப்பேசியையே காத்து வையுங்கள். மின்பதிவைச் சான்றாக்க அதற்குரிய சான்றிதழும் வேண்டும். வழக்கறிஞரிடம் ஒரு படி கொடுங்கள். அழிக்கச் சொன்னால் பணியாதீர்கள். சான்றாக வரவேண்டிய மின்பதிவை அது வெளிவராதபடி அழிப்பதே 241ஆம் பிரிவின்படி குற்றம். கைப்பேசியைக் கைப்பற்றினால் எழுத்துமூலம் ஒப்புகை கேளுங்கள். இம்மாவட்டத்தின் முதன்மை முறைமன்றம் அருகில் திருவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேரவேண்டிய சான்று நடுவழியில் மாயக்கூடாது.

நேர்மையான காவலர்க்கு இதனால் இழப்பில்லை. பொய்ப்பழி வந்தால் அவரைக் காப்பதும் இதே படந்தான்.

மதுரையில் உசாவலின்றிக் கோவலனை வெட்டியவனும் காவலனே. கண்ணகி கையில் மற்றைச் சிலம்பு இருந்தது, அதை உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது, பாண்டியன் பிழை உணர்ந்தான். அந்தச் சிலம்பை வாயிற்காவலன் பறித்து மறைத்திருந்தால் கோவலன் என்றென்றும் கள்வனாகவே கிடந்திருப்பான். சான்று என்னும் சொல்லும் சான்றோர் என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. கண்டதைக் கண்டபடி காத்து, அவையேறிச் சொல்பவனே சான்றோன். அத்தகையோர் இவ்விரண்டு ஊர்களிலும் தெருவுக்கு ஒருவராவது எழவேண்டும்!