91-ம் சங்கீதமும் கைப்பேசியும்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் 91-ம் சங்கீதம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. வெளியூர் புறப்படும்போது சொல்வோம், பரீட்சைக்குப் போகும்போது சொல்வோம், ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்து சொல்வோம். இப்போது அது கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. விடிந்தும் விடியாததுமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழும். ரோஜாப்பூ, நடுவில் சங்கீத வசனம், அடியில் ஒரு வரி: இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் இன்றே நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் தீங்கு வரும்.

அந்தக் கடைசி வரி எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

ஏனென்றால், இதே சங்கீதத்தை வேதாகமத்தில் இன்னொருவனும் எடுத்துச் சொல்கிறான். அவன் பிசாசு. மத்தேயு, லூக்கா இரண்டிலும் நான்காம் அதிகாரத்தில் அது இருக்கிறது. இயேசுவை எருசலேம் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சங்கீதத்தைச் சாட்சிக்கு அழைக்கிறான். வசனத்தில் பிழையில்லை, அதை வைத்துக் கடவுளைச் சோதிக்கச் சொன்னதுதான் பிழை. இயேசு உபாகமத்திலிருந்து பதில் சொல்லி அவனை மறுத்துவிடுகிறார். ஆக, வசனம் இருக்கிறது என்பதாலேயே ஒரு செய்தி ஆண்டவரிடமிருந்து வந்ததாகிவிடாது. பயமுறுத்தி அனுப்பச் சொல்வது ஜெபமல்ல, மாந்திரீகம். தயங்காமல் அழித்துவிடுங்கள். எந்தச் சாபமும் உங்கள் வீட்டு வாசலை மிதிக்காது.

இயேசு பதில் சொன்ன அந்த விதத்தையே ஒருவர் வாழ்நாள் பயிற்சியாக்கினார். அவர் பெயர் எவாக்ரியுஸ். இன்றைய துருக்கியின் கருங்கடல் பக்கத்துக்காரர். கான்ஸ்டான்டிநோபிளில் பேரும் புகழுமாக இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எகிப்தின் கெல்லியா பாலைவனத்துக்குப் போய், நூல்களைப் பிரதியெடுத்துப் பிழைத்து, 399-ல் அங்கேயே இறந்தார். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன வசனத்தால் பதில் சொல்லலாம் என்று ஒரு நூலே தொகுத்தார்.

அந்த எட்டில் ஒன்றை அவர் விவரிக்கும் விதத்தைக் கேளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் துறவிக்கு ஒரு சலிப்பு வருகிறது. சூரியன் நகரவே இல்லை என்று தோன்றுகிறது. எழுந்து ஜன்னலைப் பார்க்கிறான். மூன்று மணிச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியே வந்து பார்க்கிறான். யாராவது வருகிறார்களா என்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறான். செய்கிற வேலை கசக்கிறது, இருக்கிற இடம் கசக்கிறது. நண்பகலில் வரும் அழிவைப் பற்றி 91-ம் சங்கீதம் சொல்கிறதே, பாலைவனத் துறவிகள் அதற்குக் கண்ட அர்த்தம் இந்தச் சலிப்புதான்.

அந்தக் குடிசையில் கைப்பேசி இல்லை. நோய் இருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் கருவியின் தலையில் போட்டுவிட முடியாது. ஆனால் அந்தத் துறவிக்கு இருந்தது ஒரே ஜன்னல். நம் உள்ளங்கையில் இருப்பது மூடவே முடியாத ஜன்னல். தள்ளத் தள்ள அடிப்பக்கம் வருவதில்லை. ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. நம் கவனம் எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறதோ அவ்வளவு விளம்பர வருமானம் என்பதால்தான் அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆராதனை நடுவே, இரங்கல் வீட்டில்கூட, கை தானாகச் சட்டைப்பைக்குப் போவது இதனால்தான்.

உன் இருதயத்துக்கு நீயே காவலாளியாக இரு, விசாரிக்காமல் எந்த எண்ணத்தையும் உள்ளே விடாதே என்பது எவாக்ரியுஸின் அறிவுரை. எரிகோவுக்கு அருகே உருவின பட்டயத்தோடு நின்றவரை யோசுவா கேட்டாரே, நீர் எங்களவரா, எங்கள் எதிரியின் ஆளா என்று? அதே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறார். வேற்று மதத்தார் மேல் ஆத்திரத்தைக் கிளப்பும் காணொளி வருகிறதா? அனுப்புமுன் கேளுங்கள். உங்கள் போதகரின் படத்தோடு, அவசரமாகப் பணம் அனுப்பச் சொல்லிப் புது எண்ணிலிருந்து செய்தி வருகிறதா? அவருடைய பழைய எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். இந்தியாவில் இணைய மோசடிப் புகாருக்கான எண் அது.

கணினியைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்த கார்லோ அகுதிஸ், 2006-ல் தமது 15-ம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். நற்கருணை அற்புதங்களைத் திரட்டி இணையதளம் அமைத்த பையன் அவர். கருவியைத் தம் விசுவாசத்துக்கு வேலை செய்ய வைத்தார்.

புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய துறவற ஒழுங்கில், தினமும் தூங்கப்போகுமுன் சொல்லவேண்டிய மூன்று சங்கீதங்களில் 91-ம் ஒன்று. இன்றிரவு கைப்பேசியைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து அதன் பதினாறு வசனங்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். காலையிலும் ஜெபம் முடியும்வரை அது கூடத்திலேயே இருக்கட்டும்.