கடைச் சிப்பந்திக்கு ஒரு நாற்காலி

(கெடாரில் பேசியது)



தீபாவளி நெருங்கும்போது சுயமரியாதைக்காரன் மேடை ஏறினால் நரகாசுரன் கதையைத்தான் எடுப்பான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். பன்றிக்கும் பூமிக்கும் பிள்ளை பிறந்த கதையின் யோக்கியதை உங்களுக்கு நன்றாய்த் தெரியும். ஆகையால் இன்று அசுரனை விட்டுவிட்டு, அவன் செத்ததாகச் சொல்லப்படும் நாளுக்காக ஒரு மாதம் நின்றுகொண்டே சாகிற மனிதர்களைப்பற்றிப் பேசப் போகிறேன்.

கெடார், காணை, கண்டாச்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் விழுப்புரத்து ஜவுளிக்கடைகளுக்கும், சென்னை தியாகராய நகருக்கும் வேலைக்குப் போகிறார்கள். பண்டிகைக் காலத்தில் அவர்கள் படும் பாடு என்ன? காலையில் நின்றால் இரவு கதவு சாத்தும்வரை நிற்க வேண்டும்; சாத்திய பிறகும் கலைந்த துணியை மடிக்க வேண்டும். லீவு கிடையாது. கால் வீங்குகிறது, நரம்பு புடைத்துச் சுருள்கிறது. கக்கூசுக்குப் போனால் மேஸ்திரி முறைக்கிறானே என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வாங்கிக்கொள்ளுகிறார்கள். இவ்வளவுக்கும் மேலே முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டுமாம்!

இதற்கு "மன அழுத்தம்" என்று பெயர் வைத்து, தியானம் செய், மூச்சை அடக்கு என்று உபதேசம் செய்கிறார்கள். சோதிடனோ, காலில் சனி என்கிறான். இடத்தை அவன் சரியாய்த்தான் சொன்னான், காரணந்தான் தப்பு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒருவனை நிறுத்தி வைத்துவிட்டு, அவன் மனதுக்கு வைத்தியம் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் சந்தனம் பூசி ஓய்வு கொடுக்கிறவர்கள், துணி அளக்கிற கைக்கு என்ன கொடுத்தார்கள்?

உலக சுகாதார நிறுவனமும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. அதிக நேரம் வேலை செய்ததன் காரணமாக, 2016 என்கிற ஒரே வருஷத்தில் பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் 7,45,000 பேர் மாண்டார்கள் என்பது அந்தக் கணக்கு. வாரத்தில் 55 மணிக்கும் அதற்கு மேலும் உழைக்கிறவர்களுக்குத்தான் இந்த அபாயம். இது எந்தக் கிரகத்தின் கோளாறு?

நம் மாகாணத்தில் 1947-லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டம் போட்டார்கள். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதிகப்படி வேலை சேர்த்தாலும் நாளைக்கு 10-க்கும் வாரத்துக்கு 54-க்கும் மேல் போகக்கூடாது. அதிகப்படிக்கு இரட்டைக் கூலி. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி ஓய்வு. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. எத்தனை சிப்பந்திகளுக்கு இது தெரியும்? ஏகாதசி என்றைக்கு என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள்!

உட்காருகிற விஷயம் அந்தச் சட்டத்தில் வெகுகாலம் இல்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் முதலில் கக்கூசுக்காகவும், பிறகு நாற்காலிக்காகவும் போராடினார்கள்; 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் சட்டசபையில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, கடையில் ஒவ்வொரு சிப்பந்திக்கும் உட்கார வசதி செய்ய வேண்டும் என்றானது. ஒரு மனிதன் உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது, தோழர்களே! ஏன்? மிராசுதார் திண்ணையில் இருந்தால் பண்ணையாள் கைகட்டி நிற்க வேண்டும் என்று பழக்கி வைத்த தேசம் இது. கிராமத்தில் அந்தக் கையை அவிழ்த்துக்கொண்டு பட்டணம் போனவன், அங்கே கல்லாவின் எதிரில் மறுபடியும் நிற்கிறான். நாற்காலியைக் காலுக்கு மாத்திரம் வேண்டியதாக நான் நினைக்கவில்லை.

போனஸ் சங்கதிக்கு வருவோம். 1965-ம் வருஷத்துச் சட்டம் வந்ததிலிருந்து போனஸ் என்பது உரிமை. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், சட்டம் குறிக்கும் சம்பள வரம்புக்குள் இருப்பவர்களுக்குக் குறைந்த அளவு நூற்றுக்கு 8.33. அதை முதலாளி பண்டிகைக்கு முதல் நாள் இரவுவரை கையில் பிடித்து வைத்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டில் வைத்துத் தானமாகக் கொடுக்கிறார். வாங்குகிறவன் குனிந்து கும்பிடுகிறான். அவன் சம்பாதித்த பணத்துக்கு அவனே கும்பிடு போடுகிறான்! அந்த இரவில் கடன்காரனுக்கும் பிள்ளைக்கும் பஸ்ஸுக்கும் ஓடுகிற ஓட்டத்தில் பாதிக் கவலை, பத்து நாள் முன்னால் கொடுத்திருந்தால் இராது.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "நாம்தான் தீபாவளி கொண்டாடுவதில்லையே, நமக்கென்ன இதில்?" நீங்கள் கொண்டாடவில்லை, சரி. உங்கள் அக்காள் மகள் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறாளே! விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் டிரைவர், ஊரார் பண்டிகைக்காக விடிய விடிய சிறப்பு பஸ் ஓட்டுகிறாரே! அவர் நாத்திகராயிருந்தால் தூக்கம் வராமலிருக்குமா?

வாங்குகிற நம் மேலும் குற்றம் உண்டு. கடைசி நாள் இரவு பத்து மணிக்குக் குடும்பத்தோடு போய், ஐம்பது சேலையை இறக்கச் சொல்லி, ஒன்றும் எடுக்காமல், "ஏய் பையா" என்று அதட்டிவிட்டு வருகிறோம். கொண்டாடுகிறவர்கள் முன்கூட்டியே, பகலிலே போகட்டும். "உட்கார்ந்துகொண்டே எடுத்துக் காட்டம்மா" என்று நாலு பேர் காது கேட்கச் சொல்லட்டும். வாடிக்கைக்காரன் வாய்க்கு முதலாளி பயப்படுவார்.

தனியாக முறையிட்டவனை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஒரு கடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். நாற்காலி, வார விடுமுறை, அதிகப்படிக்கு இரட்டைக் கூலி, முன்கூட்டிப் போனஸ் இந்த நான்கையும் எழுதி, விழுப்புரத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க இரண்டு தோழர்கள் கூட்டம் கலைந்த பிறகும் இங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். வாருங்கள், உங்களுக்கும் பாய் விரித்திருக்கிறது.