கல்மரமா, கனிமரமா?

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனை)



பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். நீளம் 18 மீட்டர். பார்த்தால் மரம், தொட்டால் கல். நம் பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்தில் மண்ணுக்குள் புதைந்த அந்த மரம், கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கல்லாக மாறிவிட்டது என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். 1940-ஆம் ஆண்டில் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற அறிஞர் அதை உலகுக்கு அறிவித்தார். இன்றும் மரத்தின் உருவம் அப்படியே இருக்கிறது. தளிர் இல்லை, நிழல் இல்லை, கனி இல்லை.

நம் பங்குகளில் நடக்கும் மறைக்கல்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்மரம்தான் நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு என் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கில் பிள்ளைகளை உறுதிபூசுதலுக்குத் தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆயர் வருவதற்கு முந்தின வாரம் நானே தேர்வு வைத்தேன். ஒரு சிறுமி எழுந்து, ஏழு அருளடையாளங்களையும் தூய ஆவியாரின் ஏழு கொடைகளையும் தடங்கலின்றிச் சொன்னாள். "ரொம்ப நல்லா சொன்னேம்மா, உட்காரு" என்றேன். அவள் உட்காரவில்லை.

"சாமி, எங்கப்பா லாரியில அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒன்பது நாளும் செபமாலை சொன்னேன். அப்புறம் ஏன் சாமி அப்பா செத்துப்போயிட்டாங்க?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. குருமடத்தில் துன்பத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் தேர்வு எழுதியவன் நான். அன்று என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. அடுத்தவங்க எழுந்திரிங்க."

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஆயர் வந்தார், உறுதிபூசுதல் நடந்தது, புகைப்படம் எடுத்தோம். அடுத்த ஞாயிறு மறைக்கல்விக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. முழு மதிப்பெண் கொடுத்து ஒரு பிள்ளையை இழந்தேன்.

அன்பானவர்களே, இது ஒரு பிள்ளையின் கதை மட்டும்தானா? புதுநன்மைக்கு வரும் கூட்டம் உறுதிபூசுதல் வரை தொடர்கிறது. அதன்பின் பெஞ்சுகள் காலி. உறுதிபூசுதல் விழா, பல பங்குகளில் பிரிவு உபசார விழாவாகிவிட்டது. டியூஷன், கைபேசி, கிரிக்கெட் என்று காரணம் அடுக்குகிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் பதில்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நாம், பிள்ளைகளின் கேள்விகளை எப்போது கேட்டோம்?

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலே ஒரு மறைக்கல்வி நூல்தான். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அது. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாயி, ஞானோபதேசம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வார். களையெடுக்கும்போதும் சொல்வார், காய்ச்சலில் கிடந்தபோதும் சொன்னார். அவருக்கு அந்த வார்த்தைகள் உயிரோடு இருந்தன. காரணம், அவற்றைச் சுற்றி ஒரு வாழ்க்கை இருந்தது. அந்தி மணி அடித்தால் வீட்டில் செபம் நடக்கும். உபதேசியார் வீடு வீடாக வருவார். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். மண்ணும் தண்ணீரும் இருந்ததால் மரம் பச்சையாக நின்றது. நாம் மண்ணை விட்டுவிட்டு வார்த்தைகளை மட்டும் எடுத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்குள் அடைத்துவிட்டோம்.

இதை நம் மண்ணில் வாழ்ந்த ஒருவர் நன்றாகவே அறிந்திருந்தார். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் நிழலில் பணிபுரிந்த வீரமாமுனிவர், தேம்பாவணியைத் தந்ததோடு நிற்கவில்லை. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன், மறை கற்பிக்கும் உபதேசியார்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'வேதியர் ஒழுக்கம்'. அந்தத் தலைப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கற்பிக்கிறவரின் வாழ்க்கைதான் முதல் பாடப்புத்தகம் என்று அந்தத் தலைப்பே சொல்கிறதே!

ஆண்டவர் இயேசு எப்படிக் கற்பித்தார்? எம்மாவு வழியில் இரண்டு சீடர்கள் மனம் உடைந்து நடக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவர் எடுத்த எடுப்பிலேயே மறைநூலை விளக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து நடக்கிறார். என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை காத்திருக்கிறார். அதன்பிறகே மறைநூல், அதன்பிறகே அப்பம் பிடுதல். நானோ அந்தச் சிறுமியோடு ஒரு அடிகூட நடக்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10 அன்று, மறைக்கல்வி ஆசிரியர் பணியைப் பொதுநிலையினருக்கான ஒரு திருப்பணியாகவே நிறுவினார். அருள்சகோதரிகளும் கல்லூரி மாணவிகள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மறைக்கல்வி வகுப்பின் முதல் கால் மணி நேரம் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். இந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது, எதற்குச் சிரித்தாய், எதற்கு அழுதாய் என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் 'அப்புறம்' என்று சொல்லாதீர்கள்.

இரண்டாவது, பெற்றோர்களே, முதல் மறைக்கல்விக்கூடம் உங்கள் வீடு. வெங்காயக் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் சிமெண்ட் ஆலையிலும் உழைத்துக் களைத்து வருகிறீர்கள், எனக்குத் தெரியும். நீண்ட செபம் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒரு பத்து மணி செபமாலை சொல்லிவிட்டு, பிள்ளையைப் பேச விடுங்கள். தந்தை வெளிநாட்டில் இருந்தால் கைபேசியில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உறுதிபூசுதல் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஞானப்பெற்றோர் இருக்கிறார்கள். புகைப்படத்துக்கு நின்றதோடு அந்தக் கடமை முடிந்துவிடவில்லை. மாதம் ஒருமுறையாவது அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

நேயர்களே, அந்தச் சிறுமியின் வீட்டுக்கு நான் போனேன், நெடுநாள் கழித்து. இப்போது அவள் கல்லூரி மாணவி. "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம ஓடிட்டேம்மா. இன்னைக்கும் முழுசா பதில் தெரியாது. ஆனா நம்ம ஆண்டவரும் சிலுவையில தொங்கிக்கிட்டு ஏன்னு கேட்டார். நீ கேட்டது தப்பு இல்ல" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு அவள் கோவிலுக்கு வந்தாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். வரவில்லை. ஆனால் அன்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "திரும்ப வாங்க சாமி" என்றாள்.

போய்க்கொண்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டுக்குப் போங்கள். நம் பிள்ளைகளின் நம்பிக்கை கல்லாகிப் போகாமல், தளிர்த்துக் கனி தர இறைவன் அருள்வாராக!

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!